விளையாட்டின் வணிகப் பக்கத்தில் வேலை: பள்ளியில் படிக்கும்போதே எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: தண்டையார்பேட்டையிலிருந்து பதினோராம் வகுப்பு மாணவர் ஒருவர் கேட்டிருக்கிறார். பள்ளி அணிக்குக் கால்பந்து ஆடியவர். ஆட்டக்காரராக இதற்கு மேல் போக முடியாது என்று அவருக்கே தெரிந்துவிட்டது. விளையாட்டை விட்டு விலகவும் மனமில்லை. ஏதாவது ஒரு கிளப்பிலோ லீக்கிலோ நிர்வாகம், ஸ்பான்சர், டிக்கெட் விற்பனை போன்ற வேலைக்குப் போக ஆசை. "பி.காம். படித்துவிட்டு வங்கித் தேர்வு எழுது" என்கிறார் அப்பா. இப்போதிருந்தே என்ன செய்ய வேண்டும்?

பதில்:

தம்பி, அப்பா சொல்வதில் முதல் பாதியை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். பி.காம். நல்ல யோசனை. இந்தத் தொழிலில் இருப்பவர்களில் பலர் விளையாட்டு மேலாண்மைப் பட்டத்தோடு உள்ளே வந்தவர்கள் இல்லை. ஒருவர் ஆடிட்டர் அலுவலகத்திலிருந்து வந்திருப்பார், இன்னொருவர் சட்டம் படித்திருப்பார், வேறொருவர் பத்திரிகையில் விளையாட்டுச் செய்தி எழுதிக்கொண்டிருந்திருப்பார். நான் பெரம்பூரில் வளர்ந்தவன். சென்னையில் நடக்கும் லீக் ஆட்டங்களில் மைதான ஏற்பாடுகளிலும் ஸ்பான்சர் பிரிவிலும் பல ஆண்டுகளாக வேலை செய்கிறேன். கூட வேலை செய்தவர்களில் யார் நிலைத்தார்கள், யார் ஒரே சீசனில் காணாமல் போனார்கள் என்று யோசித்தால் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. நிலைத்தவர்கள் சம்பளம் வாங்குவதற்கு முன்பே எங்கேயோ ஒரு சின்னப் போட்டியைத் தொடக்கம் முதல் கணக்கு முடிப்பது வரை தாங்களே நடத்தியிருந்தார்கள். அதனால் என் பதிலின் மையம் இதுதான்: பன்னிரண்டாம் வகுப்பு முடிவதற்குள் ஒரு போட்டியை நீங்கள் முழுதாக நடத்திவிட வேண்டும். அதைப் பற்றி விரிவாகச் சொல்கிறேன். அதற்கு முன் பணம் எங்கிருந்து வருகிறது என்பது புரிய வேண்டும்.

ஐபிஎல்லின் 2023 முதல் 2027 வரையிலான ஐந்து சீசன்களுக்குத் தொலைக்காட்சி, இணைய ஒளிபரப்பு உரிமைகள் 48,390 கோடி ரூபாய்க்கு விற்கப்பட்டன. போட்டியின் பெயருக்கு முன்னால் தன் பெயரைப் போட்டுக்கொள்ள டாடா குழுமம் 2024 முதல் 2028 வரைக்கும் ஒப்புக்கொண்ட தொகை 2,500 கோடி. சேப்பாக்கம் வாசலில் இரவெல்லாம் வரிசையில் நின்று நாம் வாங்கிய டிக்கெட்டின் பணம் இவற்றின் பக்கத்தில் சிறியது. ஆனாலும் அந்தக் கூட்டம் இல்லாவிட்டால் திரையில் ஆட்டம் களை இழந்துவிடும். திரை களை இழந்தால் உரிமையின் விலையும் இறங்கும். டிக்கெட், ஒளிபரப்பு, ஸ்பான்சர் மூன்றும் ஒன்றையொன்று தாங்கி நிற்பவை. இதைப் புரிந்துகொண்டு ஒரு செய்தியைப் படிப்பவனும், ஸ்கோரை மட்டும் பார்ப்பவனும் வேறு வேறு ஆட்கள்.

எல்லா விளையாட்டிலும் இப்படிப் பணம் கொட்டுவதாக நினைத்துவிடாதீர்கள். நீங்கள் கால்பந்து ஆடியவர் என்பதால் 2025-ல் என்ன நடந்தது என்பதை அவசியம் படியுங்கள். இந்தியக் கால்பந்தின் வணிக உரிமைகளுக்காக 2010-ல் செய்யப்பட்ட 15 ஆண்டு ஒப்பந்தம் 2025 டிசம்பரில் முடிவதாக இருந்தது. அதைப் புதுப்பிப்பது உரிய நேரத்தில் முடிவாகவில்லை. விளைவாக, வழக்கமாகச் செப்டம்பரில் தொடங்கும் ஐஎஸ்எல், அதாவது இந்தியன் சூப்பர் லீக் கால்பந்து, அந்த ஆண்டு தொடங்கவில்லை. ஆட்டக்காரர்கள், பயிற்சியாளர்கள், அலுவலக ஊழியர்கள் எல்லோரும் மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். பந்து உருளாததற்குக் காரணம் மழையும் இல்லை, மைதானமும் இல்லை. ஒரு காகிதத்தில் இருந்த தேதி. அதே ஆண்டு ஆகஸ்டில் பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்யும் சட்டம் வந்தது. அத்தகைய விளையாட்டை நடத்திவந்த டிரீம்11 நிறுவனம்தான் அப்போது இந்தியக் கிரிக்கெட் அணியின் சட்டை ஸ்பான்சர். அது உடனே விலகியது. செப்டம்பரில் நடந்த ஆசியக் கோப்பையில் சட்டையில் ஸ்பான்சர் பெயரே இல்லாமல் நம் அணி ஆடியது. ஆகவே ஒரு கிளப்பைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் இந்த மூன்றைத் தேடுங்கள்: யாருடன் ஒப்பந்தம், எப்போது முடிகிறது, அந்த ஸ்பான்சரின் தொழிலுக்கு ஏதாவது ஆபத்து இருக்கிறதா. ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். ஓராண்டில் உங்கள் வயதுக்கு யாரும் எதிர்பார்க்காத அறிவு சேர்ந்துவிடும்.

இனி போட்டிக்கு வருவோம். ஏழு பேர் ஆடும் கால்பந்து, 16 அணிகள், ஓர் அணிக்கு நுழைவுக் கட்டணம் 500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வரவு 8,000. பந்து இரண்டு 1,800, நடுவருக்கு ஆட்டத்துக்கு 200 வீதம் 15 ஆட்டங்களுக்கு 3,000, கோப்பைகளும் பதக்கங்களும் 3,000, முதல் இரண்டு அணிகளுக்குப் பரிசுத்தொகை 8,000, தண்ணீர் 1,500, முதலுதவிப் பொருட்கள் 500, பேனர் 1,200. மொத்தம் 19,000. துண்டு விழுவது 11,000. இந்தப் 11,000 ரூபாயை எப்படிக் கொண்டுவருவது என்ற கேள்வியில்தான் நீங்கள் ஆசைப்படும் தொழில் முழுவதும் அடங்கியிருக்கிறது.

அதற்கு முன் அட்டவணை. மேலே நான் 15 ஆட்டங்கள் என்றது தோற்றால் வெளியேறும் நாக்-அவுட் முறைக்கு. ஓர் ஆட்டத்துக்கு 20 நிமிடம் வீதம் இரண்டு பாதி, 5 நிமிட இடைவேளை, அடுத்த அணிகள் இறங்க 5 நிமிடம் என்று 50 நிமிடங்கள் வேண்டும். 15 ஆட்டங்களுக்குப் பன்னிரண்டரை மணி நேரம். நம்மூர் வெயிலில் காலை ஆறரை முதல் பத்து வரை, மாலை மூன்றரை முதல் ஆறரை வரை என ஒரு நாளைக்கு ஆறரை மணி நேரம்தான் கிடைக்கும். மணிக்கணக்கில் ஒரு சனி, ஞாயிறுக்குள் அடங்குவது போலத் தெரியும், ஆனால் காலையில் நான்கு, மாலையில் மூன்று என நாளைக்கு ஏழு முழு ஆட்டங்கள்தான் நடத்த முடியும்; பதினைந்தாவது ஆட்டத்துக்கு ஒரு மாலையை இருபது நிமிடம் நீட்ட வேண்டும். ஒரு மழை வந்தால் எல்லாம் கலைந்துவிடும். இன்னொரு சங்கடமும் உண்டு. நாக்-அவுட்டில் 8 அணிகள் ஒரே ஆட்டத்தோடு வீட்டுக்குப் போய்விடும். 500 ரூபாய் கட்டி, 40 நிமிடம் ஆடிவிட்டுப் போகிறவர்கள் அடுத்த ஆண்டு வருவார்களா? நான்கு நான்கு அணிகளாக நான்கு பிரிவு பிரித்து, பிரிவில் எல்லோரும் எல்லோருடனும் ஆடும் லீக் முறையில் நடத்தினால் ஒவ்வோர் அணிக்கும் குறைந்தது 3 ஆட்டம் கிடைக்கும். ஆனால் பிரிவு ஆட்டங்கள் 24, அரையிறுதி இரண்டு, இறுதி ஒன்று என மொத்த ஆட்டங்கள் 27 ஆகிவிடும். இருபத்திரண்டரை மணி நேரம், அதாவது இரண்டு வார இறுதிகள். நடுவர் செலவில் 2,400 கூடும். துண்டு 13,400 ஆகும். எது சரி என்று நான் சொல்லமாட்டேன். இரண்டையும் காகிதத்தில் போட்டுப் பார்த்து, உங்கள் நண்பர்களோடு சண்டை போட்டு, ஒரு முடிவுக்கு வாருங்கள். பெரிய லீக்குகளின் அலுவலகங்களிலும் ஒவ்வோர் ஆண்டும் இதே சண்டைதான் நடக்கிறது, எண்கள் மட்டும் பெரியவை.

ஸ்பான்சர் விஷயத்தில் நம் பகுதியில் ஒரு பழக்கம் இருக்கிறது. ரசீதுப் புத்தகத்தோடு கடை கடையாக ஏறி "அண்ணே, டோர்னமென்ட் நடத்துகிறோம், ஏதாவது கொடுங்கள்" என்று கேட்பது. கடைக்காரர் இருநூறோ ஐந்நூறோ கொடுப்பார், பேனரில் பத்தொன்பது பெயர்களுக்கு நடுவே அவர் பெயரும் இருக்கும், அதோடு சரி. நீங்கள் அப்படிப் போகாதீர்கள். ஒரு செல்போன் கடையை எடுத்துக்கொள்வோம். அணிக்கு 12 பேர் என்றால் 192 இளைஞர்கள் மைதானத்துக்கு வரப்போகிறார்கள். எல்லோரிடமும் போன் இருக்கிறது. கடைக்காரரிடம் போய் இந்த எண்ணைச் சொல்லுங்கள். அவருடைய கடைக்கு மட்டும் செல்லும் 50 ரூபாய் தள்ளுபடிக் கூப்பனை ஒவ்வோர் ஆட்டக்காரர் கையிலும் கொடுப்பதாகச் சொல்லுங்கள். அவருடைய தொழிலில் வேறு கடை எதையும் சேர்த்துக்கொள்ளமாட்டோம் என்று எழுதிக் கொடுங்கள். இதற்கு 4,000 ரூபாய் கேளுங்கள். போட்டி முடிந்து ஒரு மாதம் கழித்துப் போய், எத்தனை கூப்பன் திரும்பி வந்தது என்று அவருடனே உட்கார்ந்து எண்ணுங்கள். குறைவாக வந்திருந்தாலும் மறைக்காமல் ஒரு பக்க அறிக்கையும் நான்கு புகைப்படங்களும் கொடுங்கள். இந்தக் கடைசி வேலையைப் பெரிய நிறுவனங்களில் இருப்பவர்கள்கூடப் பலமுறை ஒழுங்காகச் செய்வதில்லை என்பதைப் பார்த்து நான் மனம் நொந்திருக்கிறேன். பணம் வாங்கும்வரை ஒரு நாளைக்கு மூன்று முறை போன் செய்வார்கள். வாங்கிய பிறகு ஆளே தெரியாது. அடுத்த ஆண்டு அந்த ஸ்பான்சர் ஏன் வரவில்லை என்று ஆச்சரியப்படுவார்கள். காசிமேட்டில் ஐஸ் வியாபாரி, வலைக் கடைக்காரர், கொருக்குப்பேட்டையில் ஒர்க்ஷாப், எம்.சி. ரோட்டில் ஜவுளிக்கடை என்று யாரிடம் போனாலும் அவருக்கு இந்தக் கூட்டத்திடமிருந்து என்ன வேண்டும் என்பதை முதலில் யோசித்துவிட்டு வாசலில் ஏறுங்கள்.

அனுமதிகளை அலட்சியம் செய்யாதீர்கள். மாநகராட்சி மைதானம் என்றால் மண்டல அலுவலகத்தில் கடிதம் கொடுத்துப் பதில் வாங்க வேண்டும். காவல் நிலையத்துக்கு ஒரு தகவல் கடிதம். பேனரைச் சாலையில் கட்டவே கூடாது, மைதானத்துக்குள் மட்டும். சேப்பாக்கத்தில் மூன்று ஸ்டாண்டுகள், சுமார் 12,000 இருக்கைகள், கட்டட அனுமதிச் சிக்கலால் பத்தாண்டுக்கு மேலாகப் பெரும்பாலும் பூட்டியே கிடந்தன. 2023-ல்தான் அந்தப் பக்கம் முழுதாக மக்கள் உட்கார்ந்தார்கள். டோனி உச்சத்தில் இருந்த ஆண்டுகளில் பெரும்பாலான ஆட்டங்களில் அத்தனை இருக்கைகள் காலி. இதைவிடப் பெரிய உதாரணம் எனக்குத் தெரியாது.

பள்ளியில் உடற்கல்வி ஆசிரியரை முன்னால் நிறுத்திக்கொண்டு செய்யுங்கள். உங்களுக்குப் பதினெட்டு ஆகவில்லை; கடிதங்களில் பெரியவர் ஒருவரின் கையெழுத்து வேண்டும். கணக்கு நோட்டை மட்டும் நீங்களே வைத்திருங்கள். ஒவ்வொரு ரூபாய்க்கும் பில். கடைசியில் அதை எல்லா அணிகளின் கேப்டன்களுக்கும் அனுப்பிவிடுங்கள். நம் பகுதிப் போட்டிகளில் சண்டை வருவது பாதி நேரம் பரிசுத்தொகையாலும் கணக்காலும்தான். கால்பந்து வேண்டாம் என்றால் கேரம் நடத்துங்கள். மைதானமே வேண்டாம், ஒரு மண்டபமும் எட்டுப் பலகையும் போதும். 2024-ல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா வட சென்னைப் பெண். அந்தப் பெயரைச் சொன்னால் இங்கே எந்தக் கடைக்காரரும் காது கொடுத்துக் கேட்பார்.

இங்கே மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். 'சென்னையின் எஃப்சி' கால்பந்து கிளப் 2017-18 சீசனில் ஐஎஸ்எல் கோப்பையை வென்றபோது அணியில் இருந்த தனபால் கணேஷ் வியாசர்பாடிக்காரர். குத்துச்சண்டை, கால்பந்து, கேரம் என்று எத்தனையோ ஆட்டக்காரர்களை நம் பகுதி அனுப்பியிருக்கிறது. ஆனால் ஒப்பந்தம் பேசும் மேசையின் மறுபக்கத்தில் நம் பகுதிப் பிள்ளைகளை நான் மிக அரிதாகவே பார்க்கிறேன். ஆட்டக்காரரின் வீடு எப்படி இருக்கும், அந்த ஒப்பந்தப் பணம் வீட்டில் எதையெல்லாம் தாங்க வேண்டும் என்று தெரிந்த ஒருவர் அந்த மேசையில் இருந்தால் சில முடிவுகள் வேறு மாதிரி இருக்கும். உங்கள் கேள்விக்கு இவ்வளவு நீளமாக எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

பாடங்களைப் பற்றிச் சுருக்கமாக. வணிகவியல் குரூப் என்றால் கணக்குப்பதிவியல், வணிகவியல், பொருளியலோடு நான்காவது பாடமாகக் கணினிப் பயன்பாடுகள் அல்லது வணிகக் கணிதமும் புள்ளியியலும் இருக்கும். இரண்டாவது கிடைத்திருந்தால் நல்லது, ஏனென்றால் டிக்கெட் விலை, பார்வையாளர் எண்ணிக்கை எல்லாமே புள்ளியியல்தான். கிடைக்கவில்லை என்றால் எக்ஸெலை நீங்களாகவே கற்றுக்கொள்ளுங்கள். போட்டிக் கணக்கை அதில் போடுங்கள். அறிவியல் குரூப் எடுத்திருந்தாலும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. ஆங்கிலத்தில் பிழையில்லாமல் ஒரு பக்கக் கடிதம் எழுதும் அளவுக்குப் பயிற்சி கட்டாயம் வேண்டும். பேச்சு பிறகு தானாக வரும். தமிழை விட்டுவிடாதீர்கள். ஸ்டார் ஸ்போர்ட்ஸ் 2017-ல் தமிழுக்கென்று தனி அலைவரிசை தொடங்கியதிலிருந்து, விளையாட்டைப் பற்றிச் சுருக்கமாகவும் சரியாகவும் தமிழில் எழுதத் தெரிந்தவர்களுக்குத் தேவை கூடியிருக்கிறது. கிளப்புகளின் சமூக ஊடகப் பக்கங்களில் வரும் தமிழைப் படித்துப் பாருங்கள், உங்களால் அதைவிட நன்றாக எழுத முடியும் என்று தோன்றும்.

ஆட்டம் பார்க்கப் போகும்போது வேறு கண்ணோடு போங்கள். தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறினால் சென்ட்ரலில் இறங்கி நேரு ஸ்டேடியத்துக்கு நடந்தே போய்விடலாம். அரசினர் தோட்டத்தில் இறங்கினால் சேப்பாக்கம். ஒன்றரை மணி நேரம் முன்னதாகப் போங்கள். எந்த வாசலில் வரிசை நெருக்குகிறது, ஏன்? சோதனையா, டிக்கெட் ஸ்கேன் செய்யும் கருவியா, வழிகாட்டிப் பலகை இல்லாததா? மைதான ஓரத்து விளம்பரப் பலகைகளில் எந்தப் பக்கம் பெரிய நிறுவனங்கள் இருக்கின்றன? முக்கிய கேமரா பார்க்கும் பக்கம்தான் விலை அதிகம். பெண்களும் குழந்தைகளும் எங்கே உட்கார்கிறார்கள், கழிப்பறை எவ்வளவு தூரம்? சென்னை கால்பந்து சங்கத்தின் லீக் ஆட்டங்களையும் விடாதீர்கள். ஐசிஎஃப் (பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலை), தெற்கு ரயில்வே போன்ற நிறுவன அணிகள் ஆடும் அந்த லீக்கில் கூட்டம் குறைவு, அதனால் நடத்துபவர்களிடம் நேரில் பேச முடியும். "அண்ணா, இன்றைக்கு ஏதாவது உதவி செய்யட்டுமா" என்று கேட்கும் பையனை யாரும் விரட்டமாட்டார்கள்.

நெருக்கடி நேரத்தில் என்ன செய்கிறார்கள் என்பதையும் கவனியுங்கள். 2018-ல் காவிரிப் போராட்டத்தால் சேப்பாக்கத்தில் ஒரே ஓர் ஐபிஎல் ஆட்டம்தான் நடந்தது. சென்னை அணியின் மற்ற உள்ளூர் ஆட்டங்கள் புணேவுக்கு மாற்றப்பட்டன. அப்போது ரசிகர்களைச் சென்ட்ரலிலிருந்து சிறப்பு ரயிலில் புணேவுக்கு அழைத்துப் போனார்கள். ரயில் பிடிப்பது, சாப்பாடு, தங்குமிடம், டிக்கெட், திரும்பும் வழி என எல்லாவற்றையும் சில நாட்களுக்குள் யாரோ உட்கார்ந்து செய்திருக்கிறார்கள். தொலைக்காட்சியில் அந்த முகங்கள் தெரியாது. நீங்கள் ஆசைப்படுவது அந்த வேலைக்குத்தான்.

கல்லூரி: சர் தியாகராயா கல்லூரி உங்கள் பக்கத்திலேயே இருக்கிறது, வியாசர்பாடியில் அம்பேத்கர் அரசுக் கலைக்கல்லூரி இருக்கிறது. பி.காம்., பி.பி.ஏ., பொருளியல் எதுவானாலும் சரி. லட்சக்கணக்கில் கட்டணம் கேட்கும் இளநிலை விளையாட்டு மேலாண்மைப் படிப்புக்காகக் கடன் வாங்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. பட்டம் முடித்து, இரண்டு ஆண்டு வேலை பார்த்து, இதுதான் என் வழி என்று தெரிந்த பிறகு முதுநிலையில் அதைப் படிக்கலாம். மேலக்கோட்டையூரில் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் இருக்கிறது. ரோத்தக்கில் உள்ள ஐஐஎம் விளையாட்டு மேலாண்மையில் பட்டயப் படிப்பு நடத்துகிறது. நந்தனம் ஒய்எம்சிஏ கல்லூரி 1920-ல் தொடங்கிய பெருமைமிக்க நிறுவனம்தான், ஆனால் அது முக்கியமாக உடற்கல்வி ஆசிரியர்களையும் பயிற்சியாளர்களையும் உருவாக்குவது. வணிகப் பக்கம் வேறு. அரசுப் பள்ளியில் படித்தவர் என்றால் கல்லூரியில் தமிழ்ப் புதல்வன் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய்க்கும் விண்ணப்பித்துவிடுங்கள், பஸ் செலவுக்கும் புத்தகத்துக்கும் ஆகும். சட்டமோ சி.ஏ.வோ படிக்கும் மனவலிமை இருந்தால் அவை இந்தத் தொழிலில் மிகப் பலமான கதவுகள்.

அப்பாவின் பயத்துக்கும் நியாயம் இருக்கிறது. இந்த வேலைகள் பலவும் சீசன் வேலைகள். ஐபிஎல் சுமார் இரண்டு மாதம், தமிழ்நாட்டு அணிகள் ஆடும் டிஎன்பிஎல் (தமிழ்நாடு பிரீமியர் லீக்) கிரிக்கெட் அதைவிடக் குறைவு. ஆரம்பத்தில் சம்பளம் குறைவாகவும் இடைவெளி அதிகமாகவும் இருக்கும். அந்த இடைவெளியில் கைகொடுப்பது கணக்குப் படிப்புதான். வங்கித் தேர்வை எழுதிப் பார்ப்பதில் ஒரு நஷ்டமும் இல்லை.

இரண்டு எச்சரிக்கைகள். ஐபிஎல் அணியில் வேலை வாங்கித் தருகிறேன், பதிவுக் கட்டணம் கட்டு என்று யார் கேட்டாலும் அது மோசடி. எந்தக் கிளப்பும் வேலை கொடுக்கப் பணம் வாங்காது. அடுத்து, பந்தயம். நண்பர்களோடு நூறு ரூபாய்க்குக்கூட வேண்டாம். 2013-ல் வெடித்த பந்தய விவகாரத்தில் அணி நிர்வாகத்தைச் சார்ந்தவர்களின் செயலால் சென்னை, ராஜஸ்தான் அணிகள் 2016, 2017 என இரண்டு சீசன்கள் ஆடவே முடியாமல் போயின. ஊரே அணிந்த மஞ்சள் சட்டை இரண்டு கோடைக்காலம் பெட்டிக்குள் இருந்தது. இந்தத் தொழிலில் அந்தக் கறை ஒருமுறை ஒட்டினால் போகாது.

பதினெட்டு வயது நிறைந்ததும் தன்னார்வலர் வாய்ப்புகள் திறக்கும். 2024 ஜனவரியில் கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுகள் தமிழ்நாட்டில் நடந்தன. அதே ஆண்டு தீவுத்திடலைச் சுற்றி ஃபார்முலா 4 கார் பந்தயம் நடந்தது. இப்படி ஏதாவது ஒன்று சென்னைக்கு வந்துகொண்டேதான் இருக்கும். அப்போது நீங்கள் எழுதும் விண்ணப்பத்தில் "விளையாட்டின் மீது தீராத ஆர்வம் உண்டு" என்று எழுதாதீர்கள். எல்லோரும் அதைத்தான் எழுதுகிறார்கள். 16 அணிகள், 27 ஆட்டங்கள், மூன்று ஸ்பான்சர்கள், இத்தனை ரூபாய் வரவு, இத்தனை செலவு, இத்தனை கூப்பன்கள் திரும்பின என்று நான்கு வரிகள் எழுதி, கணக்குத் தாளின் நகலையும் செல்போன் கடைக்காரரின் தொலைபேசி எண்ணையும் அவருடைய சம்மதத்தோடு இணையுங்கள். என் மேசைக்கு அப்படி ஒரு கடிதம் வந்தால் அன்றைக்கே கூப்பிடுவேன்.